கணக்கு யார் கையில்?

கடை வைத்திருப்பவரெல்லாம் காசுள்ளவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெயர்ப்பலகை நம் கண்ணில் படுகிறது, கல்லாப்பெட்டியும் படுகிறது. ஆனால், விடியுமுன் எழுந்து சரக்கு வாங்கச் செல்லும் கால்களை நாம் காண்பதில்லை. நாலு தறி போட்டு நெய்பவர், மாவு அரைக்கும் ஆலை நடத்துபவர், தையற்கடைக்காரர், பட்டறையில் கதவும் சன்னலும் செய்து கொடுப்பவர் ஆகிய இவர்கள், முதலாளி என்ற சொல்லுக்கும் தொழிலாளி என்ற சொல்லுக்கும் இடையே நிற்பவர்கள். முதலும் இவர்களுடையது, உழைப்பும் இவர்களுடையது, நட்டம் வந்தால் அதுவும் இவர்களுடையதே. முடியாட்சி போயிற்று, கும்பினி ஆட்சி போயிற்று, வெள்ளையர் ஆட்சியும் போயிற்று. எந்த ஆட்சி வந்தபோதும் இவர்கள் வாயிலுக்கு வரத் தவறாதது ஒன்று உண்டு. அதுதான் வரி.

வரியே கூடாது என்று நாம் கூறவில்லை. பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவமனை வேண்டும், சாலை வேண்டும் என்று கேட்பவர்கள், அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எண்ணத்தான் வேண்டும். உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு உதவும் வரி, அறத்தின் கருவி என்றே நாம் கருதுகிறோம். ஆனால், வரி எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எதை அளந்து விதிக்கப்படுகிறது, யார் எழுதிய கணக்கின்படி விதிக்கப்படுகிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. சிறு வணிகரின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்த்தால், பழைய செய்திகள் புதிய பொருள் தருகின்றன.

பல்லவர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் வரிகளின் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. தறிக்குத் தறியிறை; செக்குக்குச் செக்கிறை; பொற்கொல்லர் மீது தட்டார்ப் பாட்டம்; குயவர் மீது குசக்காணம்; கடைத்தெருவுக்கு அங்காடிப் பாட்டம். பெயர்கள் இனிய தமிழ்ப் பெயர்கள்தாம். ஆனால், அவை எதை அளந்தன? தொழிலாளியின் வருவாயையா? இல்லை. அவன் கையிலிருந்த கருவியை எண்ணின. அவன் செய்த தொழிலின் பெயரைக் கேட்டன. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு பாராட்டுகிறது. பாராட்டட்டும். சுமை இல்லாத இடத்தில் சுமையை இறக்கியவனுக்குப் புகழ் ஏது? அந்தப் பட்டப்பெயரே அன்றைய சுங்கத்தின் கனத்துக்குச் சான்று.

மக்கள் என்றும் தலைகுனிந்தே இருந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டா. 1429ஆம் ஆண்டு, விசயநகரப் பேரரசின் காலத்தில், சோழ மண்டலத்து ஊர்களில் வலங்கைப் பிரிவினரும் இடங்கைப் பிரிவினரும் ஒன்றுகூடினார்கள். தமக்குள் எத்தனையோ பூசல் இருந்தும் அதை மறந்து, முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று முடிவு செய்து, அந்த முடிவைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். உழுபவனும் தொழில் செய்பவனும் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கற்கள் இன்றும் சான்று கூறுகின்றன.

கும்பினி ஆட்சி வந்தது. பழைய தொழில்வரிகளைத் தொகுத்து, மோதர்பா என்ற பெயரில் சென்னை மாகாணத்தில் தண்டியது. கைத்தொழில் செய்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு அது. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்ட விகிதம்; ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கம். நெசவாளர், தச்சர், கொல்லர், எண்ணெய் ஆட்டுபவர், கடைக்காரர், தெருவோரம் கூடை வைத்து விற்பவர் எல்லாரும் அதில் அகப்பட்டார்கள். 1852இல் காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிச் சங்கம், பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இந்த வரியைக் கடுமையாகக் கண்டித்தது. மிக எளிய கருவிகளுக்கும் வரி உண்டு என்றும், கருவியின் விலையைப் போல ஆறு மடங்கு வரி கட்டிய பிறகே அதைப் பயன்படுத்த முடிகிற நிலையும் உண்டு என்றும் அது எடுத்துரைத்தது. உளியின் விலை ஒரு பங்கு. அந்த உளியைத் தொடுவதற்கு ஆறு பங்கு! வறுமையை வரவழைக்க இதைவிட வேறு வழி வேண்டுமா?

பின்னர் 1857 வந்தது. வடநாட்டில் மூண்ட கிளர்ச்சியை அடக்க அரசு பெருங்கடன் பட்டது. அந்தக் கடனைச் சமாளிக்க இலண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் சேம்சு வில்சன். 'எக்கனாமிஸ்ட்' என்ற ஏட்டைத் தொடங்கியவர் அவர்தாம். 1860இல் இந்தியாவுக்கு முதன்முதலாக வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் 500 ரூபாய்க்குள் வருவாய் உடையவருக்கு 2 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவருக்கு 4 விழுக்காடு. இந்த வரியை எதிர்த்தவர்களுள் ஒருவர், வியப்பாக, சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லசு திரெவெலியன். நாட்டுக்கு ஒவ்வாத வரி இது என்று எழுதியதோடு நில்லாமல், தம் எதிர்ப்பைச் செய்தித்தாளிலும் வெளிவரச் செய்தார். அதற்காக அதே ஆண்டில் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனோ, அந்த ஆண்டு ஆகத்துத் திங்களிலேயே கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். வரி மட்டும் இருந்தது.

நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கருவியை எண்ணி விதிக்கும் வரியைவிட வருவாயை அளந்து விதிக்கும் வரி, கொள்கை அளவில் நேரியது. மோதர்பாவும் 1860களில் ஒழிந்தது. ஆனால், வருவாயை அளப்பது யார்? மாதச் சம்பளக்காரனுக்கு ஊதியப் பட்டியல் இருந்தது. பெருவணிகனுக்குப் பேரேடு இருந்தது. அதை எழுதக் கணக்கரும் இருந்தார். சந்தையில் வாங்கித் தெருவில் விற்று, மிஞ்சியதைக் கொண்டு அடுப்பு மூட்டியவனிடம் என்ன ஏடு இருந்தது? எழுத்தே அறியாத அவனுக்கு வருவாய் இவ்வளவு என்று முடிவு செய்தவர், மதிப்பிட வந்த அதிகாரி. அவர் எழுதியதே வருவாய். அவர் சொன்னதே வரி. தறியை எண்ணிய காலத்திலாவது, 'என்னிடம் இருப்பது ஒரு தறிதான்' என்று காட்ட முடிந்தது. இல்லாத வருவாயை இல்லை என்று எப்படிக் காட்டுவது?

இந்தக் குறை அரசுக்கும் புலப்பட்டது. 1862இல் 500 ரூபாய்க்குக் கீழ்ப்பட்டவர்களை விட்டுவிட்டார்கள். 1865இல் அந்த வரியே காலாவதியாயிற்று. ஆயினும், 1867இல் உரிம வரி என்று ஒரு பெயர். 1868இல் சான்றிதழ் வரி என்று மறுபெயர். 1869இல் மீண்டும் வருமான வரி. 1873இல் அதுவும் கைவிடப்பட்டது. பெயர் மாறியது, விகிதம் மாறியது. அடுத்த ஆண்டு என்ன வரும் என்று அறியாமல் கடை நடத்தும் நிலை மட்டும் மாறவில்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மக்கள் இலட்சக் கணக்கில் மாண்டார்கள். இனிவரும் பஞ்சங்களுக்கு நிதி சேர்ப்பதாகக் கூறி, 1878இல் வணிகத்தின் மீதும் தொழிலின் மீதும் உரிம வரி விதித்தார்கள். வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு இவ்வளவு தொகை என்றார்கள். பஞ்ச நிதி என்றால் எல்லாரும் தரவேண்டியதுதானே? ஆனால், அரசு ஊழியர்களும் வழக்கறிஞர் போன்ற அறிவுத்தொழில் செய்வோரும் அந்த வரிக்கு உட்படவில்லை. ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கிய வெள்ளை அதிகாரிக்கு விலக்கு. எண்ணெய்க் கடைக்காரனுக்கு வரி! அந்த ஆண்டு மேற்கே சூரத்து நகரில் வணிகர் கடையடைத்தனர், கலகமும் மூண்டது.

1886இல் வந்த வருமான வரிச் சட்டம் இந்த ஓரவஞ்சனையில் ஒரு பாதியைத் திருத்தியது. அதிகாரியும் வழக்கறிஞரும் வரிக்கு உட்பட்டார்கள். மறுபாதி நின்றுவிட்டது. வேளாண் வருவாய் விலக்கப்பட்டது. நிலத்துக்குத் தனியே தீர்வை உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் சிற்றூர்ச் சிறு குடியானவருக்குப் பொருந்தும். ஊர் ஊராக நிலம் வைத்திருந்த பெருநிலக்கிழாருக்கும், குத்தகை வாங்கியே வாழ்ந்தவருக்கும் அது எப்படிப் பொருந்தும்? ஆண்டுக்கு 500 ரூபாய் ஈட்டிய கடைக்காரர் கணக்குக் காட்ட வேண்டும். அதைப் போலப் பல மடங்கு குத்தகை பெற்றவர் அந்தக் கணக்கிலேயே வரவேண்டுவதில்லை. 500 என்ற வரம்பு 1903இல் 1,000 ஆயிற்று; 1919இல் 2,000 ஆயிற்று. சிறு வணிகருக்குக் கிடைத்த உண்மையான நன்மை இந்த வரம்பு உயர்வுதான். அதாவது, 'நீ சிறியவன். கணக்குக்கு வெளியே நில்' என்பதே அவருக்குக் காட்டப்பட்ட கருணை.

இந்த இடத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், பின்னாளில் இதே கருணைதான் வேலியாக மாறியது. அது எவ்வாறு என்று காண்போம்.

1937இல் சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரியார் தலைமையிலான ஆட்சி அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. கள்ளுக்கடை வருவாய் குறைந்தது. வேறு வருவாய் தேவைப்பட்டது. 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு வழிகாட்டிய சட்டம் இதுவே. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைந்தால் வரி இல்லை; 10,000 முதல் 20,000 வரை மாதம் 5 ரூபாய்; அதற்கு மேல் விற்பனைத் தொகையில் அரை விழுக்காடு.

அரை விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால், சரக்குக் கைமாறும்போதெல்லாம் அந்த வரி விழுந்தது. பஞ்சு நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி மொத்த வணிகரிடம் போகிறது, அங்கிருந்து சில்லறைக் கடைக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் வரி. முன்பு கட்டிய வரியும் விலையோடு விலையாகிவிடுவதால், வரியின் மேலும் வரி. நூற்பதையும் நெய்வதையும் விற்பதையும் தானே செய்யும் பேராலைக்கு ஒரே விற்பனை, ஒரே வரி. பலர் கை மாறி வரும் சிறுதொழில் சரக்குக்குப் பல வரி. சட்டம் யாரையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. ஆனாலும் சிறியவன் தலையில் பாரம் கூடியது.

இந்தக் கேட்டுக்கு மாற்று மருந்தாக எழுந்ததே வரி வரவு என்னும் முறை. பிரான்சு நாட்டில் மோரிசு லோரே என்ற வரித்துறை அதிகாரி வகுத்த மதிப்புக் கூட்டு வரி 1954இல் நடைமுறைக்கு வந்தது. விற்கும்போது தண்டிய வரியிலிருந்து வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை மட்டும் கட்டினால் போதும் என்பதே அதன் சாரம். இந்தியாவில் 1986இல் ஆயத்தீர்வையில் இதன் ஒரு வடிவம் வந்தது. 2005இல் பெரும்பாலான மாநிலங்கள் விற்பனை வரியில் இதைப் பின்பற்றின. தமிழ்நாடு 2007 சனவரி முதல் நாளில் ஏற்றது. 2017 சூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். வரி 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 1,000 ரூபாய்க்கு நூல் வாங்குகிறார்; அதற்கு வரி 50 ரூபாய். நெய்து 1,600 ரூபாய்க்கு விற்கிறார். அதற்கு வரி 80 ரூபாய். அரசுக்கு அவர் கட்டவேண்டியது 80 அன்று, 30 மட்டுமே. நூலுக்குக் கொடுத்த 50 ரூபாய் அவர் கணக்கில் வரவாக நிற்கிறது. அவரிடம் வாங்கும் மொத்த வணிகருக்கோ அந்த 80 ரூபாயும் வரவு. வரியின் மேல் வரி ஏறுவதில்லை. அழகான ஏற்பாடு! இதைக் குறை கூற மாட்டோம்.

ஆனால், இந்த ஏற்பாட்டின் உயிர் எதில் இருக்கிறது? தாளில் இருக்கிறது. பதிவு பெற்றவர் கொடுத்த வரிப்பட்டி இருந்தால்தான் வரவு. பட்டி இல்லாதவர் கொடுத்த வரி அவருக்கே செலவு. இங்கேதான் பழைய கருணை புதிய வேலியாகிறது. சரக்கு விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தமிழ்நாட்டில் பொதுவாகப் பதிவு வேண்டுவதில்லை. சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம். தெருவில் காய்கறியும் பலகாரமும் விற்பவருக்கு இது மெய்யான நன்மை, ஐயமில்லை. ஆனால், நெய்பவரும் பட்டறைக்காரரும் பொதுமக்களிடமா விற்கிறார்கள்? பெரிய நிறுவனத்துக்கல்லவா விற்கிறார்கள்! பதிவில்லாத நெசவாளர் நூலுக்குக் கொடுத்த 50 ரூபாயைக் கழிக்க வழியின்றித் துணி விலையில் சேர்க்கிறார். வாங்குபவரோ, 'உம்மிடம் வாங்கினால் எமக்கு வரவு கிடைக்காது' என்கிறார். விலையைக் குறை, அல்லது விலகிப் போ என்பதே அதன் பொருள்.

நடுவே ஒரு வழி உண்டு. இணக்க முறை என்பது அதன் பெயர். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர், வணிகராயினும் உற்பத்தியாளராயினும், விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காடு கட்டினால் போதும். உணவகமாயின் 5 விழுக்காடு. கணக்கு எளிது, படிவம் குறைவு. ஆனால், வாங்குவோரிடம் தனியே வரி தண்டக் கூடாது. தாம் கொடுத்த வரியைக் கழிக்கக் கூடாது. தம்மிடம் வாங்கியவருக்கும் வரவு இல்லை. பிற மாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் கூடாது. எண்ணிப் பாருங்கள். விற்பனைத் தொகையின் மீது ஒரு சிறு விகிதம், முன்பு கட்டிய வரிக்குக் கழிவில்லை என்றால், அது என்ன? 1939ஆம் ஆண்டின் சட்டமேயல்லவா? பெரியவர் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வணிகம் செய்கிறார். சிறியவர் எளிமை என்ற பெயரால் 1939இலேயே நிறுத்தப்படுகிறார்.

வருமான வரியிலும் இதே கதை. 1992இல், 5 இலட்ச ரூபாய்க்கு மேற்படாத விற்பனையுடைய சில்லறைக் கடைக்காரர் 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்று ஒரு திட்டம் வந்தது. பின்னர் அனுமான வருவாய் முறை வளர்ந்தது. 2 கோடி வரை விற்பனையுடைய சிறு தொழிலர், விற்பனையில் 8 விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைத் தம் வருவாயாகக் காட்டினால், விரிவான கணக்கேடு வேண்டுவதில்லை. வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 விழுக்காடு போதும். 2023இல், ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதவருக்கு இந்த வரம்பு 3 கோடியாக உயர்த்தப்பட்டது. 1878இல் வகுப்புக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வந்ததன் நிழல், இன்று விருப்பமாக வந்திருக்கிறது. நன்மைதான். ஆனால், உண்மை இலாபம் 3 விழுக்காடாகவே இருந்தால்? கணக்கேடு இல்லாதவர் 8 என்றுதான் ஒப்பவேண்டும். அந்த முறையிலிருந்து இடையில் விலகினால் அடுத்த 5 ஆண்டுகளுக்குத் திரும்பவும் முடியாது. கணக்கு வைத்திருப்பவருக்கு அது ஒரு வசதி. வைத்திராதவருக்கு வேறு வழியே இல்லை. வசதிக்கும் வழியின்மைக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எழுதுபவர்கள் உணரவேண்டும்.

பதிவு பெற்றவருக்கு வேறொரு இடர். விற்றவர் தம் பட்டியை அரசின் கணக்கில் ஏற்றினால்தான் வாங்கியவருக்கு வரவு என்பது 2022 முதல் சட்டம். விற்றவர் மறந்தால், அல்லது ஏமாற்றினால், பணம் கொடுத்து வாங்கியவர் மீண்டும் வரி கட்டவேண்டும். பெருநிறுவனம் இத்தகையவரை நெருக்கிக் கேட்கும். அதற்கென ஆள் வைத்திருக்கும். சிறு வணிகர் யாரை நெருக்குவார்? சரக்குக் கொடுத்தவரே அவருக்குக் கடன் கொடுத்தவராகவும் இருக்கிறாரே!

சட்டம் சிறியவர் பக்கம் நின்ற இடத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய பெரியவர், ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்டபடி 45 நாளுக்குள், எழுத்தால் ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளுக்குள், பணம் தரவேண்டும். தவறினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அச்செலவைத் தம் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது என்று 2023இல் திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். ஆனால், இதன் பயனும் உதயம் என்னும் பதிவில் தம் பெயரை ஏற்றியவருக்கே கிட்டும். மீண்டும் தாள், மீண்டும் எழுத்து!

ஆகவே, நாம் கேட்பது மூன்று. அரசு அனுப்பும் ஒவ்வொரு வரி அறிவிப்பும், வரி கட்டுபவர் படித்துணரும் தமிழில் அவருக்குக் கிடைக்க வேண்டும்; ஆங்கில அறிவிப்பைக் கண்டு அஞ்சி, படித்துச் சொல்பவருக்குக் கூலி கொடுப்பது மற்றொரு வரியன்றி வேறென்ன? இணக்க முறையில் நிற்பவரிடம் வாங்குபவருக்கும், அவர் கட்டிய வரியளவுக்கேனும் வரவு கிடைக்க வழி காணவேண்டும். நேர்மையாகப் பணம் கொடுத்துப் பட்டி வாங்கியவரை, விற்றவர் செய்த பிழைக்காகத் தண்டிக்கும் முறை மாறவேண்டும்.

அரசிடம் கேட்பதோடு கடமை முடியவில்லை. நம்மவரிடமும் ஒன்று கேட்கிறோம். ஒரு காலத்தில் எழுத்து சிலருக்கே உரியதாய் இருந்தது. ஊர்க் கணக்கு எழுதும் பதவியே பரம்பரைச் சொத்தாய் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பழைய பதவியே 1980இல்தான் ஒழிக்கப்பட்டது. கணக்கு எழுதியவன் ஆண்டான். எழுதப்பட்டவன் அடங்கினான் என்பதே நூற்றாண்டுகளின் சுருக்கம். இன்று எழுத்து எல்லாருக்கும் வந்துவிட்டது. தோழர்களே! இன்றும் வரவு செலவை மனத்தில் வைத்துக்கொண்டு கடை நடத்தலாமா? மாலையில் கடை அடைக்குமுன் கால் மணி நேரம், வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு, கொடுத்த வரி இவ்வளவு என்று ஒரு ஏட்டில் எழுதுங்கள். வீட்டில் படித்த மகள் இருந்தால் அவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு தெருவின் கடைக்காரர்கள் சேர்ந்து கணக்கறிந்த ஒருவரைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

1429இல் நம் முன்னோர் தம் முடிவைக் கல்லில் வெட்டினார்கள். நமக்குக் கல் வேண்டா. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அதிகாரி வந்து கேட்கும்போது, 'என் வருவாய் இது. இதற்குரிய வரி இது. எனக்கு வரவேண்டிய வரவு இது' என்று எழுந்து நின்று சொல்லும் நாளில்தான், தறியிறை கட்டியவனின் பேரன் உரிமையுள்ள குடிமகனாகிறான்.